விளையாட்டுக் கம்ப்யூட்டரும் வணிகர் நாணயமும்



வத்தல், மல்லி, உளுந்து, பாசிப்பயறு என்று நாற்பது வருடமாக நாகலாபுரத்தில் மண்டி நடத்திவரும் நாம், கம்ப்யூட்டருக்குள் இருக்கும் மதர்போர்டைப் பற்றி எழுதப் புகுந்தால், "அண்ணாச்சிக்கு இது எதற்கு வேண்டாத வேலை?" என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். நமது படிப்பு பள்ளிக்கூடத்தோடு சரி. ஆனால் இந்தப் பொருளை வாங்கிக் கைசுட்டுக்கொண்டவர் நமது மண்டிக்குச் சரக்குப் போடுகிற சம்சாரி. விற்றவர் நமக்குச் சொந்தக்காரர். இருவருக்கும் நடுவில் நின்றது நமது வாக்கு. ஆகவே எழுத வேண்டியதாயிற்று. நமது சங்க உறுப்பினர்களில் மின்சாதனக் கடை, செல்போன் கடை, கம்ப்யூட்டர் கடை வைத்திருப்போர் இன்று பலர். அவர்களுக்கே முதன்மையாக இதை எழுதுகிறோம்.

நடந்தது இது. 2023-ஆம் வருடம் பங்குனி மாதம். புதூர்ப் பக்கத்துக் கிராமத்தைச் சேர்ந்த சம்சாரி ஒருவர் வத்தல் மூட்டைகளை நம்மிடம் போட்டுவிட்டுக் கணக்கு முடிக்க வந்தார். பையன் இன்ஜினியரிங் படிக்கிறான், கம்ப்யூட்டர் கேட்கிறான், எங்கே வாங்கலாம் என்று கேட்டார். சொந்தக்காரப் பிள்ளை ஒருவர் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறார். (எந்த ஊர், என்ன பேர் என்பது இங்கே வேண்டாம்.) அங்கே போகச் சொன்னோம். "நாம் சொன்னதாகச் சொல்லுங்கள், பார்த்துச் செய்வார்" என்றும் சொல்லி அனுப்பினோம்.

பையன் விவரமானவன். படிப்புக்கும் வேண்டும், விளையாட்டுக்கும் வேண்டும், பிற்பாடு ஓவர்கிளாக் செய்யும்படியும் வேண்டும் என்று கேட்டிருக்கிறான். எண்பத்தைந்தாயிரம் ரூபாய்க்கு ஒரு பெட்டி தயாராகி வீட்டுக்கு வந்தது. அந்த வருடத்து வத்தல் காசில் பெரும்பகுதி அதில் போயிற்று.

சித்திரை பிறந்ததும் வினை ஆரம்பித்தது. விளையாட்டைத் துவக்கினால் பத்துப் பதினைந்து நிமிடம் குதிரை மாதிரி ஓடும். அதன் பிறகு நொண்டியடிக்கும். கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால், அங்கே ஏ.சி. அறையில் ஐந்து நிமிடம் ஓட்டிக் காட்டி, "நல்லாத்தானே இருக்கு" என்று திருப்பி அனுப்பினார்கள். இப்படி மூன்று தடவை. கடைசியில் பையனே பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு, மேஜை ஃபேனை நேராக உள்ளே திருப்பி வைத்திருக்கிறான். கம்ப்யூட்டர் நொண்டாமல் ஓடியது. ஆனால் ஒரே வாரத்தில் நமது கரிசல் புழுதி உள்ளே போய், காற்றாடி இறகெல்லாம் கருத்துவிட்டது.

சம்சாரி மண்டிக்கு வந்து உட்கார்ந்தார். கோபமாகப் பேசவில்லை. "அண்ணாச்சி, நீங்க சொன்னதாலதான அந்தக் கடைக்குப் போனோம்" என்று மட்டும் சொன்னார். நாற்பது வருடத்தில் எத்தனையோ பேர் எத்தனையோ சொல்லியிருக்கிறார்கள். அந்த ஒரு வார்த்தை இரண்டு நாள் சோறு இறங்கவிடவில்லை.

நமது பேரன் கோவில்பட்டியில் படிக்கிறான். ஞாயிற்றுக்கிழமை அவனை அழைத்துக்கொண்டு அந்த வீட்டுக்கே போனோம். பெட்டியைத் திறந்து பார்த்த மாத்திரத்தில் அவன் சிரித்துவிட்டான். "தாத்தா, லாரி இன்ஜினை எடுத்து மாட்டு வண்டியில மாட்டி வச்சிருக்காங்க" என்றான். பிராசஸர் இன்டெல் ஐ5 12600கே. அது வேகத்தைக் கூட்டிக்கொள்ளும்படி பூட்டுத் திறந்துவிடப்பட்ட சரக்கு. பெயரின் கடைசியில் உள்ள 'கே' என்ற எழுத்துக்கு அதுதான் பொருள். ஆனால் அதைப் பொருத்தியிருந்த மதர்போர்டோ எச்610 என்ற சிப்செட் கொண்ட, ஆகக் குறைந்த ரகம். அந்த போர்டில் பிராசஸரின் வேகத்தைக் கூட்டவே வழி கிடையாது. பூட்டில்லாத பெட்டியைப் பூட்டிய அறைக்குள் வைத்த கதை. 'கே' சரக்குக்காகக் கொடுத்த கூடுதல் காசு அத்தனையும் வீண்.

அது கூடப் பரவாயில்லை. நொண்டியடித்ததற்குக் காரணம் வேறு. அதை நாம் புரிந்துகொண்ட விதத்திலேயே சொல்கிறோம்.

கம்ப்யூட்டரின் பவர் சப்ளையிலிருந்து மதர்போர்டுக்கு 12 வோல்ட் மின்சாரம் வருகிறது. பிராசஸருக்கு வேண்டியதோ ஏறக்குறைய ஒண்ணேகால் வோல்ட்தான். 12 வோல்ட்டை அப்படி இறக்கிக் கொடுக்கும் வேலையை மதர்போர்டில் பிராசஸரைச் சுற்றி வரிசையாக இருக்கும் சிறு சிறு சில்லுகள் செய்கின்றன. வி.ஆர்.எம். என்பது இந்தப் பகுதியின் பெயர். வோல்ட் இறங்கினால் ஆம்பியர் ஏறும் என்பது வயர்மேன் எவருக்கும் தெரியும். அந்த ஐ5 முழுவீச்சில் ஓடும்போது 150 வாட் வரை இழுக்கும் என்று கம்பெனியே போட்டிருக்கிறது. 150 வாட்டை ஒண்ணேகால் வோல்ட்டால் வகுத்தால் 120 ஆம்பியர். நம்மூர் வெல்டிங் பட்டறையில் கேட்டுப் பாருங்கள், சாதாரண ராடு பிடித்து இரும்பை ஒட்ட வைப்பதற்கு அவ்வளவு ஆம்பியர்தான் வைப்பார்கள். அந்த வேலையைத்தான் நகக்கண் அளவுச் சில்லுகள் மணிக்கணக்கில் செய்கின்றன. சூடு ஏறாமல் என்ன செய்யும்?

நல்ல போர்டில் இந்தச் சில்லுகள் எண்ணிக்கையில் கூடுதலாக இருந்து பாரத்தைப் பங்கு போட்டுக்கொள்ளும். அவற்றின் மேல் கனத்த அலுமினியக் கட்டி பொருத்தி, சூட்டைக் காற்றில் விடுவார்கள். அந்தப் பையன் வாங்கிய போர்டில் சில்லுகள் குறைவு. அலுமினியக் கட்டி கிடையாது, மொட்டையாக நின்றன. சித்திரை வெயிலில் தகரம் வேய்ந்த மாடி அறைக்குள் நாற்பது டிகிரி. சூடு எல்லை மீறியதும், வெந்துபோகாமல் தன்னைக் காத்துக்கொள்ள போர்டு பிராசஸரின் வேகத்தைத் தானாகக் குறைத்துவிடுகிறது. மூச்சு வாங்கும் மாடு நின்றுவிடுவது போலத்தான். கடையின் ஏ.சி. அறையில் ஐந்து நிமிடம் ஓட்டினால் இது எப்படித் தெரியும்?

இவ்வளவும் ஓவர்கிளாக் செய்யாமலேயே. செய்தால் என்ன ஆகும் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. வேகத்தை நூற்றுக்குப் பத்துக் கூட்டினால் மின்சாரமும் பத்துக் கூடும். ஆனால் கூடிய வேகத்தில் நிலையாக நிற்க வோல்ட்டையும் கூட்ட வேண்டியிருக்கும். வோல்ட் கூடினால் அதன் பாரம் இரட்டையாக ஏறும். இரண்டையும் பத்துப் பத்துக் கூட்டினால் மின்சாரச் செலவு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடிவிடுகிறது. லாரியில் ஓவர்லோடு ஏற்றுகிறவர் இன்ஜினை மட்டும் பார்த்தால் போதாது, பட்டை தாங்குமா, ஆக்சில் தாங்குமா, டயர் தாங்குமா என்று பார்க்கவேண்டும். அந்தப் பட்டையும் ஆக்சிலும்தான் மதர்போர்டு.

ஓவர்கிளாக் என்பது புதிய சங்கதி அல்ல. 1998-ல் இன்டெல் கம்பெனி செலரான் 300ஏ என்று ஒரு மலிவுச் சரக்கு விட்டது. 300 மெகாஹெர்ட்ஸ் வேகம். மதர்போர்டில் 66 என்று இருந்த ஓட்டத்தை 100-க்கு மாற்றினால் அதே சரக்கு 450-ல் ஓடியது. பல மடங்கு விலையுள்ள பெண்டியத்துக்குச் சமமாக நின்றதால், அதற்கென்றே அபிட் கம்பெனியின் பிஎச்6 என்ற போர்டைத் தேடி வாங்கினார்கள். அந்தக் காலத்தில் ஓவர்கிளாக் செய்வதில் உண்மையான ஆதாயம் இருந்தது.

அதே தொண்ணூறுகளில் ஒரு பித்தலாட்டமும் நடந்தது. குறைந்த வேகச் சரக்கின் மேல் எழுதியிருப்பதைச் சுரண்டிவிட்டு, கூடிய வேகத்தை அச்சடித்துக் கூடுதல் விலைக்கு விற்றார்கள். உலகம் முழுக்க நடந்த மோசடி. இன்டெல் தனது சரக்குகளுக்குப் பூட்டுப் போட்டதற்கு இதையும் ஒரு காரணமாகச் சொன்னார்கள். வத்தல் மூட்டையில் மேலே சிவந்த சரக்கும் அடியில் சோடையும் வைப்பவர்கள், தண்ணீர் தெளித்து எடை ஏற்றுபவர்கள் நமது தொழிலிலும் உண்டு. தைவானோ தூத்துக்குடி ஜில்லாவோ, புத்தி ஒன்றுதான்.

இன்றைய நிலை வேறு. இன்றைய பிராசஸர்கள் சூட்டையும் மின்சாரத்தையும் பார்த்துத் தாமாகவே முடிந்த மட்டும் வேகத்தைக் கூட்டிக்கொள்கின்றன. கம்பெனிக்காரர்களே பிழிந்து எடுத்துவிட்ட கரும்பில் நாம் பிழிய மிச்சமிருப்பது கொஞ்சம்தான். விளையாட்டுக்குப் பெரும்பாலும் கைகொடுப்பது கிராபிக்ஸ் கார்டு. 2023-ல் திரவ ஹீலியம் ஊற்றிக் குளிர்வித்து ஒரு பிராசஸரை 9 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் ஓட்டிச் சாதனை செய்தார்கள். அது வித்தை காட்டுவது. விளாத்திகுளத்துப் பையனுக்கு அதனால் ஆவது ஒன்றுமில்லை.

இருந்தாலும் வாடிக்கையாளர் ஓவர்கிளாக் வேண்டும் என்று கேட்டால், சரியான பொருளைக் காட்டவேண்டியது கடைக்காரரின் கடமை. இன்டெல் என்றால் இசட் என்ற எழுத்தில் துவங்கும் சிப்செட் போர்டு வேண்டும். இசட்690, இசட்790, இப்போதைய இசட்890 என்று வரிசை. பி என்று துவங்கும் போர்டுகளில் மெமரி வேகத்தைக் கூட்டலாம், பிராசஸரை அல்ல. எச்610-ல் இரண்டும் இல்லை. ஏ.எம்.டி. கம்பெனி இந்த விஷயத்தில் தாராளம். பி650, பி850 போன்ற நடுத்தர போர்டிலும் பிராசஸரின் வேகத்தைக் கூட்டலாம், ஏ620-ல் ஆகாது. இதை ஒரு சீட்டில் எழுதிக் கல்லாவில் ஒட்டி வைக்க எவ்வளவு நேரம் ஆகும்?

போர்டின் அட்டைப் பெட்டியில் மின்னும் எழுத்துகளைப் பார்த்து மயங்கக்கூடாது. விளக்கு எரிகிறதா, வண்ணம் மாறுகிறதா என்பதெல்லாம் கல்யாண வீட்டு சீரியல் செட். பார்க்கவேண்டியது வி.ஆர்.எம். சில்லுகள் எத்தனை, அவற்றின் மேல் கனமான அலுமினியம் இருக்கிறதா, கெப்பாசிட்டர்கள் என்ன ரகம் என்பவை. 2000-ஆம் ஆண்டை ஒட்டிய சில வருடங்களில் மட்டமான திரவம் அடைத்த கெப்பாசிட்டர்கள் வீங்கி வெடித்து லட்சக்கணக்கான போர்டுகள் உலகெங்கும் பாழானதைப் பழைய மெக்கானிக்குகள் மறந்திருக்கமாட்டார்கள். திரவ கெப்பாசிட்டருக்குப் பத்து டிகிரி சூடு கூடினால் ஆயுள் பாதி என்பது பொதுக் கணக்கு. நமது வெயிலுக்கு அந்தக் கணக்கை இரண்டு தடவை போட்டுப் பார்க்கவேண்டும். அதனால் திடப்பொருள் அடைத்த ரகமே நமது பக்கத்துக்கு ஏற்றது.

பயாஸ் பற்றி ஒரு வார்த்தை. 2023-ல் ஏ.எம்.டி.யின் புதிய ரகப் பிராசஸர்கள் சில, போர்டு கூடுதல் வோல்ட் கொடுத்ததால் கருகின. 1.3 வோல்ட்டுக்கு மேல் போகாதபடி புதிய பயாஸ் வெளியிட்டார்கள். 2024-ல் இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறைப் பிராசஸர்கள் தேவைக்கு மேல் வோல்ட் கேட்டுத் தம்மைத் தாமே கெடுத்துக்கொள்வது வெளிப்பட்டது. அந்தக் கம்பெனி உத்தரவாதத்தை இரண்டு வருடம் நீட்டித்து, திருத்தத்தையும் வெளியிட்டது. ஆனால் ஏற்கெனவே கெட்டது கெட்டதுதான், திருத்தம் அதைச் சரியாக்காது. கிட்டங்கியில் ஒரு வருடம் கிடந்த போர்டை அப்படியே மாட்டிக் கொடுக்கும் கடைக்காரர்கள் இதைக் கவனிக்கவேண்டும். புதிய பயாஸ் போட்டுக் கொடுப்பது அரைமணி நேர வேலை.

இனி, சொந்தக்காரப் பிள்ளையின் பக்கத்தையும் சொல்லாவிட்டால் நியாயமாகாது. அவரைக் கூப்பிட்டுக் கேட்டோம். முதலில் மழுப்பினார். பிறகு உண்மையைச் சொன்னார். "பெரியப்பா, பிராசஸர் பத்து வேணும்னா இந்த போர்டு ஆறு எடுத்தாத்தான் தருவேன்னு சப்ளையர் சொல்லிட்டார். ஆறும் தேங்கிப் போச்சு. அதுல ஒண்ணு இது" என்றார்.

இதைக் கேட்டபோது நமக்கே வெட்கமாயிற்று. ஏனென்றால் இது மொத்த வியாபாரிகளாகிய நமது பழக்கம். ஓடுகிற சரக்கோடு ஓடாத சரக்கைச் சேர்த்துத் தள்ளுவது, 'ஸ்கீம்' என்று அதற்குப் பேர் வைப்பது, மளிகையில் நாம் செய்யாததா? எண்ணெய் டின்னோடு சோப்புப் பெட்டியைத் திணித்தால், சில்லறைக் கடைக்காரர் அதை யார் தலையிலாவது கட்டித்தான் தீரவேண்டும். சோப்பென்றால் ஐம்பது ரூபாயோடு போகும். இங்கே ஒரு குடும்பத்தின் ஒரு வருட மிச்சம் போயிற்று. கம்ப்யூட்டர் பொருள் மொத்த வியாபாரத்தில் இருப்போர், ரிச்சி தெருவானாலும் மதுரையானாலும், இதை யோசிக்கவேண்டும். சில்லறைக்காரரை மட்டும் குற்றம் சொல்லி ஒதுங்குவது சரியல்ல.

அவர் இன்னொன்றும் சொன்னார். "நல்ல போர்டு போட்டு விலை சொன்னா, ஆன்லைன்ல ரெண்டாயிரம் குறைச்சல்னு எந்திரிச்சுப் போயிடுறாங்க." இதுவும் உண்மையே. ஆனால் ஆன்லைன்காரரோடு விலையில் மோதி நாம் ஜெயிக்கப் போவதில்லை. நாம் கொடுக்கக்கூடியது வேறு. பையன் வீட்டில் எர்த் சரியாக இருக்கிறதா என்று ஆன்லைன்காரர் கேட்பாரா? கோடையில் நமது கரிசல் மண் கைவிட்டால் முழங்கை போகிற அளவு வெடித்துக் கிடக்கிறது. எர்த் குழி காய்ந்து, எர்த் பேருக்கு மட்டும் இருக்கும். வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றச் சொல்லவேண்டும். 600 வி.ஏ. யு.பி.எஸ். கொண்டு விளையாட்டுக் கம்ப்யூட்டரைத் தாங்க முடியாது, அது ஏறக்குறைய 360 வாட்டுக்குத்தான் கட்டும். இப்படி ஊரறிந்து, வீடறிந்து சொல்லும் புத்திமதிதான் நமது லாபத்துக்கு உரிய உழைப்பு. அதைச் சொல்லாமல் தேங்கின போர்டைத் தள்ளிவிட்டால், வாடிக்கையாளர் ஆன்லைனுக்குப் போனதற்கு நாம் யாரையும் நொந்துகொள்ள முடியாது.

பில் விஷயத்தையும் சொல்லவேண்டும். அந்தப் பையனுக்குக் கொடுத்த சீட்டில் 'கேமிங் பி.சி. ஒன்று' என்று மட்டும் எழுதியிருந்தது. போர்டு என்ன மாடல், சீரியல் நம்பர் என்ன, ஒன்றும் இல்லை. 18 சதவீத ஜி.எஸ்.டி.யை மிச்சம் பிடித்துத் தருவதாகச் சொல்லி வெள்ளைச் சீட்டுக் கொடுக்கும் பழக்கம் நம்மில் சிலரிடம் இருப்பதை மறைப்பதற்கில்லை. மதர்போர்டுக்கும் பிராசஸருக்கும் பொதுவாக மூன்று வருட உத்தரவாதம் உண்டு. வெள்ளைச் சீட்டைக் காட்டி அதைக் கேட்கப் போனால் என்ன மரியாதை கிடைக்கும்? மேலும், ஓவர்கிளாக் செய்தால் பிராசஸரின் உத்தரவாதம் போய்விடக்கூடும் என்பதை இரு கம்பெனிகளும் சொல்லியிருக்கின்றன. விற்கும்போதே இதை வாயால் சொல்லி, பில்லிலும் எழுதிவிடவேண்டும். போர்டின் சாக்கெட்டில் மயிரிழை போன்ற ஊசிகள் உண்டு. ஒன்று வளைந்தாலும் உத்தரவாதம் கிடையாது. ஆகவே வாடிக்கையாளர் முன்னிலையில் மூடியைத் திறந்து காட்டி மாட்டுவதும், அந்தப் பிளாஸ்டிக் மூடியைப் பத்திரமாக அவர் கையில் கொடுப்பதும் இருவருக்கும் நல்லது.

நமது சங்கத்துக்கு நாம் வைக்கும் கோரிக்கை இதுதான். கம்ப்யூட்டர் சேர்த்துக் கொடுக்கும் உறுப்பினர்கள் ஒவ்வொரு பாகத்தின் மாடலையும் சீரியல் நம்பரையும் பில்லில் எழுதுவது என்று ஒரு கட்டுப்பாடு கொண்டுவரவேண்டும். ஓவர்கிளாக் ஆகாத போர்டு என்றால் 'ஆகாது' என்று எழுதவேண்டும். தராசுக்கு முத்திரை போடுவதற்கு நாம் பழகவில்லையா? ஆரம்பத்தில் அதற்கும் முணுமுணுத்தவர்கள்தான் நாம்.

அந்தப் பையன் விஷயம் முடிந்த கதையையும் சொல்லிவிடுகிறோம். ஓவர்கிளாக் உனக்கு அவசியமா என்று நமது பேரன் அவனோடு உட்கார்ந்து பேசினான். அவசியமில்லை, சூடாகாமல் ஓடினால் போதும் என்று அவனே ஒப்புக்கொண்டான். வி.ஆர்.எம். மேல் நல்ல அலுமினியம் உள்ள பி760 போர்டு ஒன்றை வரவழைத்தோம். இதிலும் ஒரு சிக்கல். அவனிடம் இருந்தது டி.டி.ஆர்.4 மெமரி. அதே சிப்செட்டில் டி.டி.ஆர்.5 மெமரிக்கான போர்டுகளும் வருகின்றன, ஒன்றுக்கு மற்றொன்று பொருந்தாது. சரியானது வந்து சேரப் பன்னிரண்டு நாள் ஆயிற்று. விலை வித்தியாசத்தில் பாதியைக் கடைக்காரப் பிள்ளை ஏற்றுக்கொண்டார். மீதிப் பாதி நமது கணக்கில். அனுப்பி வைத்த வாய் நம்முடையது அல்லவா? சம்சாரி வேண்டாம் என்று எவ்வளவோ மறுத்தார்.

கழற்றிய எச்610 போர்டை என்ன செய்வது என்று கேட்டார்கள். நாமே எடுத்துக்கொண்டோம். சாதாரண ஐ3 பிராசஸர் ஒன்றைப் போட்டு நமது மண்டிக் கணக்குப்பிள்ளை மேஜையில் வைத்திருக்கிறது. பில் போடுகிறது, ஜி.எஸ்.டி. கணக்குப் போடுகிறது, சித்திரையிலும் சூடாவதில்லை. வாங்கும்போது மாடல் நம்பரும் சீரியல் நம்பரும் எழுதித்தான் பில் வாங்கினோம்.